நன்றாக எரிகிறது

கல்யாணம் முடிந்து நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்று, என் கணவன் க்ளோவிஸ் எனக்கு முதலில் காட்டியது நிலவறையைத்தான். புதுப்பெண்ணுக்கு வேறு எதையாவது காட்டுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

"முதல்ல உலையைப் பாத்துடு, நோயெல்லா. குளிர்காலத்துல நம்ம உசிரு அது கையிலதான்."

"ஐம்பத்திரண்டு வயசுல கல்யாணம் பண்ணிக்கிட்டவளுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்," என்றேன்.

அவன் சிரித்தான். அப்போது ஜூன் மாதம். வாசலில் நின்று பார்த்தால் செயின்ட் ஜான் ஆறு தெரியும். அக்கரை கனடா, இக்கரை அமெரிக்கா, எங்கள் மெய்ன் மாநிலத்தின் வடகோடி. வயல்களில் உருளைக்கிழங்கு முளைவிட்டிருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் கரண்டி பிடித்துவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு பீன்ஸ் பானையுமாக நான் வந்து இறங்கியிருந்தேன்.

சமையலறையில், நிலவறைப் படிக்கட்டின் உச்சியில், கதவை ஒட்டிய சுவரில், சிவப்புத் தகடு போட்ட ஒரு சுவிட்ச் இருந்தது. உலைக்கு ஆபத்து என்றால் கீழே ஓடாமல் மேலிருந்தே அணைப்பதற்கு எல்லா வீட்டிலும் வைப்பார்கள். அதன் மேல் நீலப் பென்சிலில் ஒரு பெண்ணின் சாய்ந்த கையெழுத்து: மேலே தள்ளினால் எரியும், கீழே தள்ளினால் அணையும்.

பதின்மூன்று படி இறங்கினோம். எண்ணெய் வாடை, பழைய கிழங்கு வாடை, அதோடு இன்னொரு வாடை. ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி. கையில் ஒட்டிய கரியைப் போக்க மெக்கானிக்குகள் போடும் சோப்பின் வாடை அது. மூலையில் எண்ணெய்த் தொட்டி. நடுவில் ஆள் உயரத்துக்குப் பச்சை வண்ண இரும்பு உலை. அதிலிருந்து ஒரு தகரக் குழாய் போய்ப் புகைபோக்கியின் செங்கல் சுவருக்குள் நுழைந்தது. தொட்டியின் மேல் நீலப் பென்சில். வடிகட்டியின் மேல் நீலப் பென்சில். விஷவாயு கசிந்தால் அலறுகிற அலாரம் ஒன்று சுவரில் இருந்தது; அதன் மேலும் நீலப் பென்சிலில் ஒரு தேதி.

"எல்லாம் லுசில் எழுதினது," என்றான் க்ளோவிஸ்.

லுசில் அவனுடைய முதல் மனைவி. இந்தப் பள்ளத்தாக்கிலேயே எண்ணெய் உலை பழுது பார்த்த ஒரே பெண். அவள் செத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் எழுத்து இன்னும் சாகவில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உலையின் பக்கத்தில் ஓர் ஆணியில் அட்டை ஒன்று தொங்கியது. எங்கள் ஊரில் எந்த உலைக்கும் ஓர் அட்டை உண்டு. வருடம் ஒருமுறை, குளிர் இறங்குவதற்குமுன், உலையைச் சுத்தம் செய்கிறவர் அன்று செய்த வேலையை அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து வருகிறவருக்கு அந்த அட்டைதான் வேதவாக்கு. இருபத்தாறு வரிகள். எல்லாம் ஒரே மாதிரி. 'அக்டோபர் 9. நாசில் மாற்றியது. புகைபோக்கி சுத்தம் செய்தது. நன்றாக எரிகிறது. லு.'

நாசில் என்றால் எண்ணெயைப் பீய்ச்சுகிற மூக்கு. கடைசி வரி மட்டும் பாதியில் நின்றது. 'அக்டோபர் 14. நாசில் மாற்றியது. நன்றாக'

அதற்குமேல் ஒன்றுமில்லை.

"இங்கதான்," என்று ஒரு கவிழ்த்த வாளியைக் காட்டினான் க்ளோவிஸ். "எழுதிக்கிட்டே உக்காந்திருக்கா. நெஞ்சு நின்னுடுச்சு. நான் மேல சாப்பிடக் காத்துக்கிட்டு இருந்தேன்."

அவன் அந்த அட்டையை விரலால் தடவினான். என்னை அவன் அப்படித் தடவியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், உயிரோடு இருக்கிறவள் மேல் பொறாமைப்படுவது எவ்வளவோ தேவலை. அவளுக்கு வயசாகும், அவள் குழம்பில் உப்பு கூடும், அவளோடு அவனுக்குச் சண்டை வரும். செத்த சக்களத்திக்கு ஒரு குறையும் வராது.

கோடை முழுக்க நான் அவளை அழித்தேன். தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சுவிட்சைத் துடைத்தேன். அலாரம் பாட்டரி தீர்ந்து நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சென்று கத்தியது. அதைக் கழற்றி, அட்டையையும் கழற்றி, அவளுடைய மற்ற சாமான்களோடு ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டேன். க்ளோவிஸ் கேட்டபோது, "புது அலாரம் வாங்கி மாட்டிடறேன்," என்றேன். மாட்டவில்லை. மறந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அந்தச் சுவரில் அவள் வைத்த இடத்தில் இன்னொன்றை வைக்க எனக்குக் கை வரவில்லை.

அக்டோபர் வந்தது. "ரெயாலைக் கூப்பிட்டு உலையைச் சுத்தம் பண்ணச் சொல்லு," என்றான் க்ளோவிஸ். "போன குளிருக்கும் பண்ணல. நான் விறகடுப்போடயே ஓட்டிட்டேன்."

ரெயால் மிஷோ லுசிலோடு இருபது வருடம் வேலை செய்தவர். அவளை 'பாஸ்' என்றுதான் சொல்வார். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால்கூட, "பாஸ் இருந்திருந்தா..." என்றுதான் ஆரம்பிப்பார். அவரை என் நிலவறைக்குள் விட்டு, அவள் பெருமையை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா? நான் கூப்பிடவில்லை.

புது அட்டை ஒன்று வாங்கி வந்தேன். கறுப்பு மையில் நானே எழுதினேன்: 'அக்டோபர் 12. நாசில் மாற்றியது. புகைபோக்கி சுத்தம் செய்தது.' கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. அதை அவள் ஆணியில் மாட்டினேன். என் வீட்டு உலையில் என் எழுத்து. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

நவம்பரில் ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை. நானும் க்ளோவிஸும் ஒன்றாக உட்கார்ந்து ப்லோய் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ப்லோய் என்றால் ஒரு பக்கம் மட்டும் வேகவைத்த தோசை மாதிரி. எங்கள் வீடுகளில் அது இல்லாத மேசை கிடையாது. தரையில் இருக்கும் காற்றுத்துளை வழியாக வந்துகொண்டிருந்த வெப்பம் சட்டென்று நின்றது. போய்ப் பார்த்தேன்.

சிவப்புச் சுவிட்ச் கீழே தள்ளியிருந்தது.

"நீயா அணைச்சே?" என்றான் க்ளோவிஸ்.

"நான் உன் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கு என்ன கை அவ்வளவு நீளமா?"

மேலே தள்ளினேன். ஒரு மணி நேரம் எரிந்தது. பிறகு மறுபடியும் நின்றது.

மறுநாளும் அப்படித்தான். அவன் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் உலை அணைந்தது. நாங்கள் விறகடுப்பின் முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். படுக்கையறைக் குளிரில் மூச்சு வெள்ளை ஆவியாக வந்தது. இரவு முழுக்க இரண்டு சாக்கு மூட்டைகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சுருண்டு படுத்தோம். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் இருவரையும் ஒன்றாகக் கதகதப்பாக இருக்க விடமாட்டாள். அவள் படுத்த கட்டிலை அவள் குளிர வைக்கிறாள்.

பயமாக இருந்ததா என்றால், இல்லை. கோபமாக இருந்தது.

டிசம்பரில் க்ளோவிஸே ரெயாலைக் கூட்டி வந்துவிட்டான். அவர் படியிறங்கும்போதே மூக்கை உறிஞ்சினார். "பாஸோட சோப்பு வாசனை இன்னும் போகல பாருங்களேன்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் மின்கம்பிகளைப் பார்த்தார், எண்ணெயைப் பற்றவைக்கும் பர்னரைக் கழற்றி மாட்டினார். பர்னர் மேலிருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டி, "உலை தானா நின்னுட்டா இதை ஒரு தடவை அமுக்குங்க. ஒரே ஒரு தடவை. பத்தலேன்னா எனக்குப் போன் பண்ணுங்க. சும்மா சும்மா அமுக்கினா உள்ள எண்ணெய் தேங்கிடும், அப்புறம் பத்தும்போது கதவையே பிச்சு எறியும்," என்றார். பிறகு புகைபோக்கிப் பக்கம் திரும்பினார். குழாயின் திருகைக் கழற்றக் கையை வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"அட, அக்டோபர்ல சுத்தம் பண்ணிட்டீங்களா? யாரு பண்ணினது?"

"கரிபூ டவுன்லேர்ந்து ஒரு ஆள் வந்தாரு," என்றேன்.

"நல்லது. அப்ப இதைத் திறக்க வேண்டாம்." திருகிலிருந்து கையை எடுத்தார். "அலாரம் எங்க?"

"புதுசு மாத்தியாச்சு. மாடியில இருக்கு."

ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய். அவர் தலையாட்டினார். போகும்போது மட்டும் சுவிட்சை நாலு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இது கெட்டியா இருக்கு. தானா இறங்காது. யாராவது தள்ளினாத்தான் உண்டு."

ஜனவரியில் பனி கொட்ட ஆரம்பித்தது. க்ளோவிஸ் ஊர்ப் பனித்தள்ளு லாரி ஓட்டுகிறவன். பனி விழுந்தால் விடியும் முன்னே போய்விடுவான், சாயங்காலம்தான் திரும்புவான். அவன் இல்லாத முதல் நாள், ஒன்பதாம் தேதி, நான் சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, அது எப்போது இறங்கும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இறங்கவே இல்லை.

நாள் முழுக்க உலை எரிந்தது. வீடு மாவு பொங்குகிற சமையலறை மாதிரி இதமாக இருந்தது. பதினாறாம் தேதியும் அப்படியே. பதினேழும், இருபத்தெட்டும். அவன் இருந்தால் அணைகிறது, நான் தனியாக இருந்தால் எரிகிறது. எனக்கு ஒரே சந்தோஷம். 'சரி, ஒருவழியாக என்னை வீட்டுக்காரியாக ஏற்றுக்கொண்டுவிட்டாள். என்னோடு அவளுக்குச் சண்டை இல்லை. அவனோடு சேர்ந்து இருந்தால்தான் ஆகவில்லை.' அப்படித்தான் நினைத்தேன். க்ளோவிஸிடம் சொல்லவில்லை. அது எனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் எனக்குத் தலைவலி வந்தது. நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. சன்னல் கண்ணாடிகள் வியர்த்தன. வெள்ளைத் திரைச்சீலையில் மெல்லிய கரி படிந்தது; துவைத்துப் போட்டாலும் மறுபடி படிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் தலைவலி போய்விடும். பக்தியின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருடம் சமையலறையில் வெந்தவளுக்குப் புகையின் குணம் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? பொறாமை கண்ணை மட்டுமா மறைக்கும்? மூக்கையும் சேர்த்து மறைத்தது.

பிப்ரவரி பதினொன்று. பெரிய பனிப்புயல். க்ளோவிஸ் விடியும் முன் போய்விட்டான்.

மத்தியானம் இரண்டு மணிக்கே வெளியே வெள்ளையாக இருட்டிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே கொட்டகை தெரியவில்லை, வேலி தெரியவில்லை. கீழே உலை ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. ப்லோய்க்கு மாவு கரைத்துவிட்டு, தலை சுற்றியதால் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தியாடி லுசில்?" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். "இப்ப உன் உலை யாரு பேச்சைக் கேக்குது?"

உலையின் முனகலுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது.

கரக். கரக். கரக்.

எலி என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டேன். எலி இல்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கேட்ட சத்தம் அது.

பென்சில். அட்டையில் பென்சிலால் எழுதுகிற சத்தம்.

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. கை மேசை மேல் கிடந்தது. அது என் கை மாதிரியே இல்லை. மாவுப் பாத்திரம் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. சமையலறை முழுக்க ஆரஞ்சுத் தோல் வாடை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது.

எழுதுகிற சத்தம் நின்றது.

நிலவறைப் படியில் ரப்பர் பூட்ஸ் ஏறி வந்தது. அவசரமே இல்லை. வேலை முடித்துவிட்டுச் சாப்பிட வருகிறவள் ஏறுவது மாதிரி. நான் எண்ணினேன். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை, எண்ணத்தான் முடிந்தது.

பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. கதவு திறக்கவில்லை.

டக்.

கதவுக்கு இந்தப் பக்கம், என் கண் எதிரே, சிவப்புச் சுவிட்ச் கீழே இறங்கியது. யாரும் தொடவில்லை. உலை ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. வீடு செத்தது மாதிரி அமைதி.

அதற்கு அப்புறம்தான், தூரத்தில், எங்கள் சந்து முனையில், பனித்தள்ளு லாரி திரும்புகிற சத்தம் கேட்டது.

லாரியின் குழாய் ஒன்று வெடித்து எண்ணெய் ஒழுகியதால், வீட்டில் இருக்கிற டேப்பை எடுக்க வந்திருக்கிறான் க்ளோவிஸ். வாசற்கதவை அவன் திறந்தபோது உள்ளே வந்த குளிர்காற்று என் முகத்தில் அறைந்தது. அதுதான் எனக்குக் கடைசியாக நினைவிருப்பது.

மறுநாள் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு கண் விழித்தேன். கட்டிலின் ஒரு பக்கம் க்ளோவிஸ். இன்னொரு பக்கம் ரெயால். அவர் முழங்கை வரை கரி.

"புகைபோக்கி அடியில மூணு வாளி கரியும் உடைஞ்ச செங்கல்லும் எடுத்தேன்," என்றார். "புகை வெளிய போக வழியே இல்ல. அத்தனை விஷவாயுவும் வீட்டுக்குள்ளதான் சுத்தியிருக்கு. இன்னும் கால் மணி நேரம் எரிஞ்சிருந்தா நீங்க இல்ல. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. அக்டோபர்ல சுத்தம் பண்ணினவன் யாரு? அவனை நான் சும்மா விடமாட்டேன்."

நான் க்ளோவிஸைப் பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"யாரும் வரல," என்றேன். "நான்தான் எழுதினேன்."

"என்னது?"

"அட்டையில நான்தான் எழுதினேன். அலாரமும் வாங்கல. அவ எழுத்து இருந்ததையெல்லாம் எடுத்துட்டேன்."

ரெயால் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் பொய் எழுதியதாக அவர் தொழிலில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். க்ளோவிஸ் என் கையை விட்டுவிடுவான் என்று காத்திருந்தேன். விடவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தான். அழுதான்.

"அவதான் உன்னைக் காப்பாத்தியிருக்கா, நோயெல்லா. நான் உள்ள வந்தப்ப சுவிட்ச் கீழ இறங்கியிருந்துச்சு. நீ இவ்வளவு பண்ணியும் லுசில் உன்னைக் காப்பாத்திட்டா."

"பாஸ் அப்படித்தான்," என்றார் ரெயால். "யாரு வீட்டு உலையா இருந்தாலும் விடமாட்டாங்க."

க்ளோவிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சர்ச்சுக்குப் போய் அவளுக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தான். என்னையும் ஒரு நாள் கூட்டிப் போய் ஏற்ற வைத்தான். ஏற்றினேன். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னைச் சுட்டது அந்த மெழுகுவத்திதான்.

ஏனென்றால் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அவன் வீட்டில் இருந்த நாளெல்லாம் அணைத்தாள். விஷவாயு அவனைத் தொடாமல் பார்த்துக்கொண்டாள். நான் தனியாக இருந்த நாளெல்லாம் எரியவிட்டாள். புயலன்று அவள் அணைத்தது லாரி சந்தில் திரும்புவதற்கு முன்னால். அவன் உள்ளே வரப்போகிறான் என்பதற்காக அணைத்தாள்.

எனக்காக இல்லை.

ரெயால் வந்து எல்லாவற்றையும் சரி செய்தார். புகைபோக்கிக்குப் புது உள்குழாய், மாடியில் ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு அலாரம், அவர் கையாலேயே எழுதிய புது அட்டை. நான் செய்த தப்புக்குப் பரிகாரமாக, லுசிலின் பழைய அட்டையையும் அதன் பக்கத்தில் மாட்டிவிடலாம் என்று தோன்றியது. கொட்டகைப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். நான் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. கத்தியால்தான் கிழித்தேன்.

பாதியில் நின்ற அந்தக் கடைசி வரி முடிந்திருந்தது. 'அக்டோபர் 14. நாசில் மாற்றியது. நன்றாக எரிகிறது. லு.'

அதன் கீழே, அதே நீலப் பென்சிலில்:

'ஜனவரி 9. நன்றாக எரிகிறது.'

'ஜனவரி 16. நன்றாக எரிகிறது.'

'ஜனவரி 17. நன்றாக எரிகிறது.'

'ஜனவரி 28. நன்றாக எரிகிறது.'

'பிப்ரவரி 11. நன்றாக எரிகிறது. அவர் வருகிறார். நிறுத்தினேன்.'

க்ளோவிஸிடம் காட்டவில்லை. காட்டினால் அவன் தேதிகளைப் படிக்க மாட்டான். எழுத்தைத்தான் தடவுவான். அட்டையை என் உள்ளாடை இழுப்பறையின் அடியில் ஒளித்து வைத்தேன்.

அன்றிலிருந்து அவன் லாரி எடுக்கும்போதெல்லாம் நானும் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஊரே சிரித்தது. "புருஷனை முந்தானையில முடிஞ்சுக்கிட்டா பாரு," என்றார்கள். சிரிக்கட்டும். வசந்தம் வந்தது, கோடை போனது, அக்டோபரில் ரெயால் வந்து உண்மையாகவே சுத்தம் செய்து உண்மையாகவே எழுதினார். உலை ஒரு தடவைகூட அணையவில்லை. நான் மறக்க ஆரம்பித்திருந்தேன்.

போன வாரம் வாசற்படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டேன். இன்று இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவனைக் கூப்பிட்டார்கள்.

"நீ இந்தக் காலோட ஏற முடியாது," என்றான் க்ளோவிஸ். "சாயங்காலம் வந்துடுவேன். அலாரம் ரெண்டு இருக்கு, புகைபோக்கி புதுசு. அப்புறம் என்ன பயம்?" தொப்பியை எடுத்துக்கொண்டு சிரித்தான். "லுசில் பாத்துப்பா."

அவன் போனபிறகு இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். அட்டை இல்லை. பிட்டத்தால் தேய்த்துத் தேய்த்துப் பதின்மூன்று படியும் இறங்கினேன். ஆணியில், ரெயாலின் அட்டைக்கு முன்னால், அது தொங்கியது. கடைசியாக ஒரு வரி புதிதாக இருந்தது. இன்றைய தேதி மட்டும்; அதன் பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன். நீலம் விரலில் ஒட்டியது.

மேலே ஏறி வந்து என் கையாலேயே சிவப்புச் சுவிட்சைக் கீழே தள்ளினேன். உலை அடங்கியது. கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஊன்றுகோலோடு எப்படியாவது போய்ச் சேர்ந்திருப்பேன்தான். ஆனால் இது என் வீடு. நான் வாசலைத் தாண்டினால் சாயங்காலம் அவன் திரும்பி வரும்போது இங்கே அவள் மட்டும்தான் இருப்பாள். அவனை அவளிடம் விட்டுவிட்டு நான் எங்கேயும் போகமாட்டேன். குளிரில் விறைத்தாலும் சரி.

விரல் மரத்துப்போகிறது. அலாரம் இரண்டும் அமைதியாக இருக்கின்றன. பனி விழுகிற சத்தம்கூட இல்லை.

எங்கிருந்தோ ஆரஞ்சுத் தோல் வாடை.

டக்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. கீழே பர்னர் பற்றிக்கொண்டது. திணறவில்லை, இருமவில்லை. காற்றுத்துளை வழியாக வெப்பம் ஏறி வந்து என் உடைந்த காலை மெதுவாகத் தொடுகிறது.

நன்றாக எரிகிறது.